பத்தாவது ஆள்

யூதர்களான நாங்கள் மனிதர்களை எண்ணுவதில்லை, கண் பட்டுவிடும். "ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல" என்று சொல்லிக்கொண்டே போவோம். ஷாங்காய் இடுகாட்டில், என் மனைவி மெலிட்டாவின் பெட்டிக்கு முன்னால், அதுகூட எனக்கு மறந்துவிட்டது. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று விரல் நீட்டி எண்ணினேன்.

"கையுறை ஜோடியா எண்ணுறீங்க?" என்றார் தச்சர் ஃபைன்டுக். "விஷக்காய்ச்சல் பத்தாதுன்னு கண்ணு வேற வைக்கிறீங்களா?"

ஒன்பது பேர்தான். இறந்தவருக்கான பிரார்த்தனைக்குப் பத்து ஆண்கள் வேண்டும். ஒன்பது குருமார்கள் கூடினாலும் செல்லாது, பத்துச் செருப்புத் தைக்கிறவர்கள் போதும் என்பார்கள் எங்கள் ஆட்கள். அவளைப் பிரார்த்தனை இல்லாமல் புதைக்க வேண்டியதுதானா? ஃபைன்டுக் ஆள் தேடித் தெருவுக்கு ஓடினார்.

வியன்னாவில் எனக்குக் கையுறைக் கடை. ஜெபக்கூடத்தின் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. நாஜிகள் வந்த வாரம், மேல்மாடியில் செருப்புத் தைக்கும் லைசர் வாக்டல் எங்கள் கதவைத் தட்டினார்.

"ஐயா, அப்பா போயிட்டாரு. எண்ணினா 'ஒன்பது இல்ல'ன்னு நிக்குது. நீங்க வந்தா போதும்."

"போயிட்டு வாங்களேன்," என்றாள் மெலிட்டா.

நான் கதவைத் திறக்கவில்லை. "நான் யூதன்னு யாரு சொன்னா? கத்தாம போய்யா," என்றேன்.

ரொட்டி வாங்கி வருகிறேன் என்று கிளம்பிய மெலிட்டா, வெகுநேரம் கழித்து நனைந்துபோய் வெறுங்கையோடு வந்தாள். வாய்க்கு வந்தபடி திட்டினேன். மூன்றே மாதத்தில் கடையைப் பிடுங்கிக்கொண்டு எங்களையும் துரத்தினார்கள்; அகதிகளாகக் கப்பலேறி ஷாங்காய் வந்து சேர்ந்தோம்.

ஃபைன்டுக் ஒருவரைக் கூட்டி வந்தார். வாக்டல். எனக்கு அந்தக் குழிக்குள்ளேயே இறங்கிவிடலாம் போலிருந்தது.

அவர் எங்களைச் சுட்டி முறைப்படி எண்ணினார். தன் நெஞ்சைத் தொட்டு, "பத்து இல்ல," என்றார். எனக்குப் பிரார்த்தனையின் முதல் வரியே தெரியவில்லை. பக்கத்தில் நின்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளை மாதிரி திருப்பிச் சொன்னேன்.

முடிந்ததும் அவர் கையைப் பிடித்தேன். "அன்னைக்கு நான் கதவை..."

"தெரியும், விடுங்க." கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். "பொம்பளைங்க கணக்குல சேரமாட்டாங்கன்னு தெரிஞ்சும் உங்க வீட்டம்மா இடுகாட்டுக்கு வந்தாங்க. கடைசி வரைக்கும் மழையிலயே நின்னாங்க. இன்னைக்கு அவங்களுக்காகத்தான் வந்தேன்."

அந்த ரொட்டிக்காகத்தான் நான் அவளைத் திட்டியிருந்தேன்.