இலந்தை வேலியில் காஞ்சொறி

பழவேற்காட்டில் ஒரு குடம் நல்ல தண்ணீர் ஓரணா. உயிரே அதில்தான் இருக்கிறது என்று ஊர் முழுக்க ஒப்புக்கொண்டாலும், அதற்கு மேல் ஒரு தம்பிடி கூட்டிக் கொடுக்க ஆளில்லை. அந்தச் சித்திரையில் ஓரணாவுக்கும் கிடைக்கவில்லை. வண்டிக்கார வரதனிடம் மிச்சமிருந்த தண்ணீர் முழுவதும் கொல்லையில் தவலையில் கொதித்துக்கொண்டிருந்தது. ஜாஹிதா அதில் இலந்தை இலையை உருவி உருவிப் போட்டாள். விடியலில் காய்ச்சலில் போய்விட்ட அண்ணி சைதாவை வழக்கப்படி இலந்தை நீரில் குளிப்பாட்ட.

கை எரிந்தது. அடுப்பனல் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஏம்மா, கையி இன்னாத்துக்கு இப்டி தடிச்சுக்கினு கெடக்குது?" என்றாள், மையித்தைக் குளிப்பாட்ட வந்திருந்த குல்சும்.

ஜாஹிதா பார்த்தாள். இரண்டு கையும் முழங்கை வரை சிவந்து வீங்கியிருந்தன. கூடையில் இலந்தைக் கிளைகளோடு சுனை படர்ந்த ஒரு கொடியும் பின்னிக் கிடந்தது. பாதி மொட்டை. அந்த இலையெல்லாம் தவலையில்.

"யா அல்லா! காஞ்சொறி!"

மற்றவர்கள் வேலியில் கண்டால் பிடுங்கி எறிகிற கொடியை சைதா வேண்டுமென்றே வளர்த்தாள். இலந்தை வேலியில் ஏற்றிவிட்டு, அரிசி கழுவின தண்ணீரை ஊற்றினாள். "ரோஜா வெக்கிற ஊடு பாத்திருக்கேன். அரிப்பு வெக்கிற ஊடு இதான்" என்று ஜாஹிதா தெருவுக்கே கேட்கும்படி சொல்வாள். சைதா கையில் பழந்துணியைச் சுற்றிக்கொண்டு தளிராகக் கிள்ளுவாள். கொதிநீரில் போட்டு, பூண்டும் மிளகும் தட்டி ரசம் வைப்பாள். மழைக்காலத்து இளைப்பில் மூச்சுக்குத் தவிக்கும் நாத்தனார் ஜாஹிதாவுக்குத்தான் அது. குடித்து மூச்சு இறங்கியதும் ஜாஹிதா சொல்வாள்: "மிளகுக்குக் கேட்டுச்சு." வியாபாரி வீட்டில் பிறந்தவள், காசு கொடுத்து வாங்கியதற்குத்தான் பேர் கொடுப்பாள்.

"கொட்டிடு எல்லாத்தியும்" என்றாள் குல்சும். "மையித்துக்கு வலிக்காதுன்னு நெனச்சியா? கத்துறது நமக்குக் கேக்காது, அவ்ளோதான். அதுக்குத்தானே தண்ணிய வெதுவெதுன்னு ஊத்துறோம், மெத்துன்னு தேய்க்கிறோம்?"

ஜாஹிதா அடுப்பு விறகை வெளியே இழுத்தாள். உயிரோடிருந்தவளை வாயால் கடித்தது போதாதென்று, இன்று கொடியை விட்டு மையித்தையும் கடிக்க வைக்கப் பார்த்தோமா?

கொல்லையில் கட்டியிருந்த திரைக்கு வெளியிலிருந்து அண்ணன் நூர் அகமதுவின் குரல் வந்தது. "இன்னா அங்க தகராறு? அசரு தொழுகைக்குள்ள எடுத்தாவணும்."

"வேற தண்ணி ஓணும், பாய்" என்றாள் குல்சும்.

"வரதன் பொன்னேரி போயி வரணும். பொழுது சாஞ்சிடும். நீங்களே பாத்து ஏதாச்சும் செய்யுங்கம்மா."

கருவாட்டு மண்டியில் எதிராளியை வாயடைத்து நிற்க வைக்கிறவர் அவர். காலையில் தண்ணீருக்கு வரதன் கேட்டதைப் பேரம் பேசாமல் கொடுத்திருந்தார்.

"கொதிச்சா அது கடிக்காது" என்றாள் ஜாஹிதா.

"ஆரு சொன்னா?"

சொன்னவள் உள்ளே வெள்ளைத் துணிக்குள் கிடந்தாள்.

"நான் குடிச்சிருக்கேன்."

"நீயா? தெருத்தெருவா அந்தக் கொடிய வைஞ்சிக்கினு இருந்தவ நீதானே?"

"நாந்தான்."

"உன் கையி ஏற்கெனவே பணியாரமா இருக்குது. அதுல ஊத்திப் பாத்து எப்படி நம்புறது?"

ஜாஹிதா ஒரு சொம்பு மொண்டு ஆற்றினாள். முகத்தில் விட்டுக்கொண்டாள். கழுத்தில், மூடிய இமைகளில் விட்டுத் தேய்த்தாள். மீதியைக் குடித்தாள். மிளகில்லாமல் அதன் ருசியை அன்றுதான் அறிந்தாள்.

குல்சும் அவள் மோவாயைப் பிடித்து, துணிக்கடையில் சாயம் பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பினாள். வெகு நேரம் விடவில்லை. கன்னம் சிவக்கவில்லை. கண் மட்டும் சிவந்திருந்தது, அது வேறு.

"சரி. ஆத்தி எடுத்தா. வலப்பக்கத்துலேர்ந்து ஊத்து."

ஜாஹிதா ஊற்றினாள். ஒவ்வொரு சொம்பையும் முதலில் தன் கழுத்தில் சொட்டவிட்டுப் பார்த்த பிறகே ஊற்றினாள். "போதும்மா, போதும்" என்றாள் குல்சும்.

அடக்கம் முடிந்து நூர் அகமது திரும்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"தொழுவறதுக்கு முன்னால கேட்டேன். சைதா ஆருக்காச்சும் பாக்கி வெச்சிருந்தா சொல்லுங்க, நான் தீத்துடறேன்னேன். ஒருத்தரும் வாயத் தொறக்கல."

"அவளுக்கு ஆரு பாக்கின்னு கேட்டியாண்ணே?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்படிக் கேக்குற வழக்கம் இல்லியே."

ஜாஹிதா தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வலக்கையில் முழங்கை வரை தடவினாள். எரிச்சல் அடங்கியது. கிண்ணத்தில் இன்னும் எண்ணெய் இருந்தது. மூடி வைத்துவிட்டு, எரிகிற இடக்கையை அப்படியே முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.