மூன்றாம் ஓலை

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு மாதாகோயில் பூசையில் ஓலை வாசிப்பார்கள். பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் சொல்லி, "இவர்களுக்குள் மணத்துக்கு ஆகாத விக்கினம் இருப்பது தெரிந்தவர்கள் வந்து சொல்லவேண்டும், மறைத்தால் சாவான பாவம்" என்று சாமியார் எச்சரிப்பார். முதல் ஓலைக்குத் தையற்காரம்மா வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தாள். பெற்ற மகளுக்குக் கல்யாணம், இருக்காதா பின்னே! மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள்தான், சும்மா இருக்கமாட்டாமல், மகளின் ஞானோபதேசப் புத்தகத்தைப் புரட்டித் தொலைத்தாள். விக்கினங்களின் பட்டியலில் ஒரு வரி: ஞானஸ்நானம் கொடுத்தவரும் பெற்றவரும் ஒருவரையொருவர் மணக்கக்கூடாது, அது ஞான உறவு.

படக்கென்று புத்தகத்தை மூடினாள். மூடினால் வரி அழிந்துவிடுமா?

இருபது வருடத்துக்கு முன், பிறந்த மூன்று நாளில் கோயிலுக்குக் கொண்டுபோய் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டிய இந்த மகளை இவள் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள். ஒன்பதாம் நாள் நடுப்பகலில் குழந்தைக்கு வலிப்பு கண்டு உடம்பு நீலம் பாரித்தது. வீட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. இவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அலறல் கேட்டு ஓடிவந்தவன் எதிர்வீட்டு ரொட்டிக்கடைக்காரரின் பத்து வயது மகன். உயிர் போகிற அவசரத்தில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று கோயிலில் படித்திருந்தான். தண்ணீரை மூன்று தரம் தலையில் ஊற்றி, சொல்லவேண்டியதைச் சொன்னான். குழந்தை பிழைத்துக்கொண்டது.

தள்ளிப்போட்டதற்குச் சாமியார் நாலு பேர் முன்னால் கிழித்துத் தொங்கவிடுவார் என்று பயந்து, இந்த மகராசி மூச்சே விடவில்லை. அவனையும் வாயைத் திறக்காதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, மறுவாரம் ஒன்றும் தெரியாதவள் போலக் கோயிலில் இன்னொரு தரம் தண்ணீர் ஊற்ற வைத்தாள்.

அவன்தான் இப்போது மாப்பிள்ளை. கப்பலில் மெக்கானிக். திங்கட்கிழமை கல்யாணம், செவ்வாய்க்கிழமை கப்பல். ஏறினால் திரும்பி வர மூன்று வருடம்.

மூன்றாம் ஓலை வாசித்து முடிந்த கையோடு சாமியாரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"இருபது வருஷமா வாயில பூட்டா போட்டிருந்தே?" என்றார் சாமியார்.

"கோயில்ல மறுபடி ஊத்துனாங்களே சாமி, அது கணக்கில்லையா?"

"ஞானஸ்நானம் ஒரு தரம்தான். முதல்ல ஊத்துனது சரின்னா, ரெண்டாவது வெறும் தண்ணி." தடித்த சட்டப் புத்தகத்தை இறக்கினார். "விக்கினம் ரெண்டு வகைம்மா. ஒண்ணு தடுக்கிற விக்கினம். மீறிக் கட்டுனா பாவம், ஆனா கல்யாணம் நிக்கும். இன்னொண்ணு அழிக்கிற விக்கினம். கட்டுனாலும் அது கல்யாணமே இல்ல. உன் பொண்ணுக்கு வந்திருக்கிறது இதுதான்."

"ஐயோ! இதுக்கு வழியே இல்லையா?"

"ஆயர்கிட்ட, நம்ம பிஷப்புகிட்ட, விலக்கு கேக்கலாம். கொடுப்பாரு. கடிதம் போய் வர ஆறு வாரமாகும்." கண்ணாடியைக் கழற்றினார். "ஆனா ஒண்ணு. பையன் விளையாட்டுக்கு ஊத்தியிருந்தா அது ஞானஸ்நானமே இல்ல, விக்கினமும் இல்ல. அதை அவன்தான் சொல்லணும்."

ஆள் அனுப்பினார். தையற்காரம்மா வாசலுக்கே ஓடி அவனை மடக்கினாள்.

"விளையாட்டுன்னு சொல்லிடு தம்பி. பத்து வயசுல எல்லாமே விளையாட்டுதானே? ஒரே ஒரு வார்த்தை. உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

அவன் உள்ளே போனான். சுவிசேஷத்தின் மேல் கைவைக்கச் சொன்னார் சாமியார்.

"அன்னிக்கு என்ன மனசோட ஊத்துனே?"

அவன் புத்தகத்தின் மேல் கையை வைத்தான்.

"விளையாட்டில்ல சாமி. குழந்தை செத்துடும்னு நினைச்சேன். ஞானஸ்நானம் கொடுக்கணும்னுதான் கொடுத்தேன்."

"அடப்பாவி! என் பொண்ணு தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டியே!" என்று கத்திவிட்டாள். கத்தமாட்டாளா?

அவன் திரும்பினான். கண் சிவந்திருந்தது. "அத்தை, இன்னிக்கு விளையாட்டுன்னு சொன்னா, அன்னிக்கு அவ செத்திருந்தா ஞானஸ்நானம் இல்லாம, மோட்சம் இல்லாமதான் போயிருப்பான்னு ஆகுது. அவளுக்கு அந்தக் கதின்னு என் வாயால சொல்லமாட்டேன். கல்யாணம் மூணு வருஷம் தள்ளிப் போனா போகட்டும்."

சாமியார் வெள்ளைத் தாளை அவள் பக்கம் நகர்த்தினார். "கண்ணால பாத்த சாட்சி நீதான். தண்ணி தலையில பட்டுதா? வார்த்தை முழுசாச் சொன்னானா? நீ பாக்கலைன்னு சொன்னா இதை நான் வேற மாதிரிதான் யோசிக்கணும்."

பார்க்கவில்லை. அந்த ஒற்றைச் சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் நாளைக்குக் கல்யாணம் நடந்தாலும் நடக்கும். ஆனால் அவள் பார்த்திருந்தாளே! பெற்றவள் சுவரோடு ஒட்டி நின்று அலறியபோது, அந்தப் பயல் அழுதுகொண்டே ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னதை இரண்டு காதாலும் கேட்டிருந்தாளே. அவன் செய்தது, தானே செய்திருக்க வேண்டியது என்பது அவளுக்கு இத்தனை வருடமும் தெரியும். அந்த வெட்கம்தான் அவள் வாயைக் கட்டியிருந்தது.

பேனாவை எடுத்தாள். பார்த்ததை, கேட்டதை, தள்ளிப்போட்டதை, மறைத்ததை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"வீட்டுக்கு வாங்க மாப்பிள்ளை. அவகிட்ட நான்தான் சொல்லணும். நீங்க பக்கத்துல நில்லுங்க, போதும்."