குழாயடி நேரலை

முப்பிடாதிக்கு வேண்டியதெல்லாம் தினம் ரெண்டு குடம் தண்ணி. அதற்குப் போய் ஒரு புரட்சி வரும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

கொச்சி மட்டாஞ்சேரியில் அவள் இருக்கிற சந்தில் முப்பத்தெட்டுத் தமிழ்க் குடும்பத்துக்கும் ஒரே தெருக்குழாய். தண்ணி எப்போது வரும் என்பது அந்தக் குழாய்க்கே தெரியாது. அதனால் விடிந்ததும் அவரவர் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். முப்பிடாதிக்குச் சுக்குக் குடோனில் தரம் பிரிக்கிற வேலை. தண்ணி வந்தால் வீட்டில் இருக்கிறவர்கள் வரிசை மாறாமல் எல்லாக் குடத்தையும் நிரப்பி வைப்பார்கள். இந்த மாதம் பத்து நாளாகக் குடங்கள் நின்றதுதான் மிச்சம்.

அப்போதுதான் ஆனந்தகுமார் வந்து சேர்ந்தான். தோப்பும்படி ஃபிளாட்டில் இருக்கிற நம்ம ஆளுதான். கொச்சியிலேயே பிறந்தவன், பேசுவது தமிழ், எழுதுவதெல்லாம் மலையாளம். பகலில் கம்ப்யூட்டர் வேலை, மிச்ச நேரத்தில் சமூக மாற்றம். வந்த சூட்டோடு ‘தாகம்’ என்று ஒரு வாட்ஸப் குழு ஆரம்பித்து, சந்தில் போன் வைத்திருந்த அத்தனை பேரையும் கேட்காமலே சேர்த்தான். குடங்களின் வரிசையைப் படம் பிடித்து மாநகராட்சியின் புகார் செயலியில் ஏற்றினான். மூன்றாம் நாள் பதில் வந்தது. படத்தைப் பரிசீலித்ததில் குழாயடியில் ஆட்கள் யாரும் காத்திருக்கவில்லை, எனவே தேவை ஏதும் இல்லையென்று புகார் முடித்துவைக்கப்படுகிறது.

முப்பிடாதிக்கு வயிறு எரிந்தது. குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி என்று சந்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அத்தனை பெரிய ஆபீசில் ஒருத்தருக்குமா தெரியாது?

ஆனந்தகுமார் அசரவில்லை. "ஆள்தானே வேணும்? காட்டிருவோம், சேச்சி" என்றான். வியாழக்கிழமை எல்லாரும் லீவு போட்டு நேரில் நிற்க வேண்டும், நேரலை போகும் என்று குழுவில் உத்தரவு வந்தது. நின்றார்கள், மூன்று மணி நேரம், உச்சி வெயிலில். முப்பிடாதியை முன்னால் நிறுத்தி, கொஞ்சம் கண் கலங்கச் சொன்னான். அவளுக்குக் கண் கலங்கவில்லை, எரிச்சல்தான் வந்தது. அதுவும் கேமராவில் நன்றாகவே விழுந்ததாம். அறுபதாயிரம் பேர் பார்த்தார்கள். பாதிப் பேர் போராட்டம் வெல்லட்டும் என்றார்கள், மீதிப் பேர் அந்தச் சேலை எந்தக் கடையில் எடுத்தது என்று கேட்டார்கள்.

மறுநாள் காலையில் வண்டி வந்தது. ஸ்பானரோடு ஆட்கள் இறங்கியதைப் பார்த்து முப்பிடாதிக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. அவர்கள் குழாயைக் கழற்றினார்கள், பைப்பின் வாயை அடைத்தார்கள், கழற்றியதை வண்டியில் போட்டார்கள். சுற்றுலாப் பயணிகள் நடக்கும் பாதையில் கூட்டம் கூடுவது வீடியோ மூலம் தெரிய வந்ததாகவும், கூட்டத்துக்குக் காரணமான குழாய் அகற்றப்பட்டதாகவும் சுவரில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார்கள்.

அந்தத் தாளை யாரோ படம் பிடித்துக் குழுவில் போட, ஆனந்தகுமார் துள்ளிக் குதித்துவிட்டான். இருபத்து நாலு மணி நேரத்துக்குள் அதிகாரத்தை அசைத்துவிட்டோம், இது மக்கள் சக்தியின் வெற்றி என்று எழுதினான். கைதட்டுகிற பொம்மைகள் வரிசையாக விழுந்தன. முப்பிடாதிக்கு எழுத வராது. மைக்கை அழுத்தி, தண்ணி எங்கே தம்பி என்று கேட்டாள். அடுத்த நிமிஷமே, இனி இந்தக் குழுவில் அட்மின் மட்டும்தான் பேசலாம் என்று வந்துவிட்டது.

சரிதான், மக்கள் சக்தி வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி என்று அவள் பல்லைக் கடித்தாள். குடத்தை எடுத்துக்கொண்டு தோப்பும்படிக்குப் பஸ் ஏறினாள். சந்துப் பெண்கள் பதினாலு பேர் கூடவே ஏறினார்கள். ஃபிளாட்டில் அஞ்சாவது மாடிக்குப் போக லிஃப்ட் மூன்று நடை அடித்தது.

கதவைத் திறந்த ஆனந்தகுமார், வாசல் நிறையக் குடங்களைப் பார்த்ததும் கை தன்னால் போனைத் தேட, கேமராவைத் திறந்துவிட்டான்.

"படம் பொறவு எடுக்கலாம், தம்பி" என்றாள் முப்பிடாதி. "அடுக்களை எந்தப் பக்கம்?"