வாரிசு சொல்லாத ராஜா

இப்போதெல்லாம் பத்து நிமிஷம் மெஷின் நின்றால் போதும், ஆளாளுக்கு ஒரு திரைக்குள் தலையை விட்டுக்கொள்கிறார்கள். பக்கத்தில் இடி விழுந்தாலும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. லேத் பட்டறைப் பெரியவருக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். அன்று மதியம் ஆபீஸ் அறைக்குள் நுழைந்தால், பதினோரு வருஷமாகப் பட்டறையைக் கட்டி மேய்க்கிற அவர் மகளே கம்ப்யூட்டரில் ராஜா விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தாள்.

மூன்று மாதமாக அவள் கேட்பது ஒன்றுதான். உங்களுக்கப்புறம் பட்டறை எனக்கா, அண்ணனுக்கா? அண்ணன் போனில் நலம் விசாரிப்பதோடு சரி. பெரியவர் இன்னும் பிடி கொடுக்கவில்லை.

“நாப்பது வயசுல பொம்மை விளையாட்டாம்மா?”

“சாப்பாட்டு நேரம்தானேப்பா. இதோ, இவர்தான் ராஜா. நான் அவர் மக. எனக்கு ஒரு அண்ணன். பட்டம் யாருக்குன்னு கிழவர் வாயே திறக்க மாட்டேங்கிறார்.”

“வெவரமான ஆளு. சொன்ன மறுநாளே ஒருத்தனும் மதிக்க மாட்டான்.”

கால் வலிக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“கீழ நாலு சிற்றரசங்க. செவப்புத் தலைப்பா கட்டியிருக்கானே, வடக்குக் கோட்டைக்காரன், அவன்தான் மொறைக்கிறான்.”

“புடிச்சு உள்ள போடச் சொல்லு.”

“காரணமில்லாம போட்டா மத்த மூணு பேரும் கெளம்பிடுவாங்கப்பா.”

“அவனைத் தொட்டா இவனுங்களுக்கு ஏன் வலிக்குது? எல்லாம் கூட்டுக் களவாணிங்க!”

அவர் வைது முடிப்பதற்குள் ராஜாவுக்குக் காய்ச்சல் வந்தது. அடுத்த நிமிஷமே ஆள் போய்ச் சேர்ந்தார். ஒரே நிறமாயிருந்த நாடு கண்ணெதிரே நான்கு நிறமானது. வடக்குக் கோட்டைக்காரன் தனிக்கொடி ஏற்றினான். மற்றவர்களில் இருவர் அண்ணன் பக்கம் போனார்கள். ஒருவன் யார் பக்கமும் போகவில்லை.

பெரியவர் எழுந்தே விட்டார். “நன்றி கெட்ட நாயி! அந்தாளு கொடுத்த சோத்தைத் தின்னவன்தானே?”

“யாருக்கு விசுவாசமா இருக்கணும்னு அவனுக்கு யாருமே சொல்லலையேப்பா.”

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு அவள் அவர் பக்கம் திரும்பினாள். “பம்பு கம்பெனியில சூப்பர்வைசரா கூப்பிடுறாங்க. இன்னைக்குள்ள பதில் சொல்லணும். எனக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இருக்கேன். அண்ணனுக்குன்னாலும் சொல்லிடுங்க, கோபமில்லாம போயிடுறேன்.”

“மெரட்டுறியா? உனக்குன்னா அவன் குதிப்பான், அவனுக்குன்னா நீ குதிப்பே. நான் செத்தப்புறம் எப்படியோ அடிச்சுக்குங்க! நீயும் அந்த வடக்குக் கோட்டைக்காரன் ஜாதிதான்.”

“இல்லப்பா. அவன் கோட்டையை எடுத்துக்கிட்டுப் போனான். நான் வெறுங்கையோட போறேன்.”

போனை எடுத்தாள். “ஒண்ணாம் தேதி வந்துடுறேன் சார்,” என்று அவள் சொன்னது அவர் காதில் நன்றாகவே விழுந்தது. இரண்டாவது லேத்தில் வேலை செய்கிறவர் கதவருகே தலையை நீட்டி, “அக்கா, இந்த ஷாஃப்ட் அளவைக் கொஞ்சம் பாருங்க,” என்றார்.

“இனிமே அப்பாவைக் கேளுங்கண்ணே.”

அந்த ஆள் நீட்டிய ஷாஃப்டைப் பெரியவர் வாங்கவில்லை. தரையில் கிடந்த இரும்புச் சுருளை மிதித்தபடி வாசலைப் பார்த்து நடந்தார்.

“சொல்லியிருந்தா மட்டும் அந்த நாலு பேரும் சும்மா இருந்திருப்பானுங்களாக்கும்!” என்று எதிரே வந்த லாரிக்காரரிடம் கேட்டார். பதிலுக்கு நிற்காமல் பெரியவர் தெருவில் இறங்கிவிட்டார்.