சிவபாண்டிக்கு ஒரு புள்ளி

1.
இந்தக் கதை எனக்கு ஒரு பிரிண்ட்-அவுட்டில் கிடைத்தது. எங்கள் ஊர் மடவார் வளாகத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஷீனா என்ற பெண் ஆய்வேடு பைண்டிங் செய்ய வந்தாள். அதில் ஒரு படம், நூற்றுச் சொச்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு விஞ்ஞானி. ஒரே ஆராய்ச்சி நிதியைப் பங்கிடும் இருவருக்கு நடுவே ஒரு கோடு. சேர்ந்து வாங்கிய திட்டங்கள் கூடக் கூடக் கோடு தடிக்கும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அறிவியல் என்பது ஒரு மாபெரும் வலை, அதில்..." (அடித்துவிட்டேன். எனக்கே கொட்டாவி வந்தது.)

2.
இருப்பதிலேயே தடித்த கோடு, நம்மூர் விஞ்ஞானி யோகேஸ்வரி மேடத்துக்கும் ராஜபாளையத்தில் இருக்கும் பென்சன் என்ற சாருக்கும் நடுவே. மண் ஆராய்ச்சி.

"பாத்தீங்களா அண்ணாச்சி, எம்புட்டு ஒத்துமை!" என்றாள் ஷீனா.

ஜெராக்ஸ் எடுக்க வந்து பக்கத்தில் நின்றவர் சிரித்துவிட்டார். சிவபாண்டி. அதே திட்டத்தில் ஒப்பந்த உதவியாளர், ஐம்பது வயது, கையில் மண் பெட்டி.

"அவிய பேசியே ஆறு வருசமாச்சு தாயி. கட்டுரையில யாரு பேரு மொதல்லன்னு சண்டை. மண்ணையும் பேச்சையும் நாந்தான் பஸ்ஸுல கொண்டுபோறேன்."

"பேச்சையுமா?"

"சாரு, 'அந்தம்மாவுக்கு மண்ணு அள்ளக்கூடத் தெரியல'ம்பாரு. நான் இங்க வந்து, 'சார் இன்னும் ரெண்டு சாம்பிள் கேட்டாவ மேடம்'ம்பேன்."

(சிவபாண்டியைக் கொஞ்சம் கெட்டிக்காரராக்கிவிட்டேனோ என்று ஒரு சந்தேகம். இல்லை. அவர் சொன்னது இதைவிட நன்றாக இருந்தது.)

3.
ஷீனா அங்கேயே என் கம்ப்யூட்டரில் அந்தக் கோட்டுக்கு நடுவே ஒரு புள்ளி வைத்து அவர் பெயரை டைப் செய்தாள்.

அவர் முகம் மாறிவிட்டது. "வேண்டாம் தாயி. அவிய பேசலன்னு வெளிய தெரிஞ்சா அடுத்த திட்டம் கெடைக்காது. மொதல்ல வீட்டுக்குப் போறவன் நாந்தான்."

"நீங்க இல்லாட்டி இந்தக் கோடே பொய்ண்ணே."

"எது பொய்? மண்ணு நெசம். ரிசல்ட்டு நெசம்."

ஷீனா புள்ளி இல்லாத படத்தையும் தனியாகச் சேமித்தாள்.

4.
முடிவு ஒன்று: புள்ளி இருக்கிறது. மேடமும் சாரும் படத்தைப் பார்த்து வெட்கப்பட்டுப் பேசிக்கொள்கிறார்கள். (சினிமா. வேண்டாம்.)

முடிவு இரண்டு: புள்ளியை எடுத்துவிடுகிறாள். பட்டம் கிடைக்கிறது. ஆனால் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு... (இதையும் அடித்துவிட்டேன்.)

நடந்தது இவ்வளவுதான்: புள்ளியோடும் புள்ளி இல்லாமலும் இரண்டு விதமாகவும் அச்சடிக்கச் சொல்லிவிட்டுப் போனாள். நாலு மணிக்கு வருவாள். இரண்டு பக்கமும் என் மேசையில் கிடக்கின்றன.

ஒன்று சொல்லவில்லையே. சிவபாண்டி என்பது அவருடைய பெயர் அல்ல. வேலை போய்விடக் கூடாதே என்று மாற்றிவிட்டேன். அப்படியானால் இந்தக் கதையில் நான் எந்தப் பக்கத்தை வைத்துத் தைத்திருக்கிறேன், புள்ளி உள்ளதையா, இல்லாததையா?

மணி மூன்றரை. அவளிடம் எதை எடுத்துக் கொடுக்க? நீங்கள் சொல்லுங்கள்.