கியர் கம்பெனியின் நான்காவது முதலாளி

கம்பெனி மேல் ட்ரோன் பறந்த அன்றைக்குத்தான் எல்லோரும் நிஜமாகவே பயந்துபோனார்கள். வெளிநாட்டுக்காரர்கள் விற்கப்போகிறார்கள் என்ற பேச்சு கேன்டீனில் சில மாதங்களாகவே ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கு, எதற்கு என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை. அன்று காலை இரண்டு இளைஞர்கள் காரில் வந்து இறங்கி, கேட்டுக்குப் பக்கத்திலிருந்து ட்ரோனை ஏற்றினார்கள். அது ஷெட்டின் கூரையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பின்பக்கம் முள்செடி மண்டிக் கிடந்த காலி நிலத்துக்கு மேலே போய் வெகுநேரம் நின்றது.

“மெஷினப் பாக்க வர்லீங்க மேடம். நெலத்த அளக்க வந்துருக்காங்க,” என்றார் குமரேசன். கியருக்குப் பல் வெட்டும் பிரிவின் சூப்பர்வைசர் அவர். தொழிற்சங்கச் செயலாளரும் அவர்தான்.

பக்கத்தில் உம்மே ஹானி நின்று ட்ரோனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டெஸ்பாட்ச் பிரிவின் தலைமை அவளுடையது. லாரியில் ஏறவேண்டிய பெட்டிகள் பாதிக்குப் பாதி குறைந்துபோனதை வேறு யாரையும்விட முதலில் பார்த்தவள் அவள்தான். வேங்கிக்கால் தாண்டி போளூர் ரோட்டில் இருக்கிறது கம்பெனி. முன்பெல்லாம் சுற்றிலும் மணிலா கொல்லை, எங்கும் வேர்க்கடலைச் செடி. இப்போது கலெக்டர் ஆபீஸைத் தாண்டியும் வீடுகள், மனைகள், கல்யாண மண்டபங்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலத்துக்கு வந்து குவியும் கூட்டத்துக்கு எத்தனை லாட்ஜ் கட்டினாலும் போதவில்லை. இந்த இடத்தை வாங்குகிறவன் கியர் செய்யத்தான் வாங்குவான் என்று யார் சொல்ல முடியும்?

ஊரில் அதற்கு எப்போதும் ‘கியர் கம்பெனி’ என்றுதான் பேர். போர்டில் இருந்த பேர் இரண்டு முறை மாறிவிட்டது. உள்ளே வேலை செய்கிறவர்கள் காலத்தை யூனிஃபார்ம் நிறத்தை வைத்துச் சொல்வார்கள். காக்கி காலத்தில் முதலாளி ஹானியின் அப்பா ஜானி பாஷா. ஒரே ஒரு மெஷினோடு தகரக் கொட்டகையில் தொடங்கி, ஆரணி அரிசி ஆலைகளுக்குப் பல்சக்கரம் செய்து கொடுத்தார். பிறகு வந்தது பச்சை காலம். சென்னையிலிருந்து வந்த பிரகாஷ் என்பவர் வாங்கி, டிராக்டர் கியர்பாக்ஸ் செய்ய ஆரம்பித்தார். பழைய ஆபீஸ் ரூம் மட்டும் அப்படியே இருக்க, கொட்டகை கட்டடமானது, ஷிப்ட் மூன்றானது. அவர் வயதாகி ஒதுங்கியதும் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று வாங்கியது. சாம்பல் காலம். எல்லோருக்கும் பூட்ஸும் கண்ணாடியும் வந்தன. எந்தக் கேள்விக்கும் பதில் வேறொரு நாட்டிலிருந்து ஈமெயிலில் வரவேண்டும் என்று ஆனது.

அப்பா கம்பெனியை விற்றபோது ஹானி கல்லூரிக் கடைசி வருஷத்தில் இருந்தாள். விற்ற பிறகு அவர் அந்தக் கேட்டைத் தாண்டி உள்ளே போனதே இல்லை. ஆயுத பூஜைக்குக் கூப்பிட்டும் போகவில்லை. பஸ்ஸில் அந்தப் பக்கம் போனால் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார். மனசு உடைந்துவிட்டது என்று ஹானி முடிவு செய்தாள். படிப்பு முடிந்ததும் பிரகாஷிடம் போய் வேலை கேட்டு அங்கேயே சேர்ந்தாள். நம் வீட்டு ஆள் ஒருவராவது அதற்குள் இருக்கட்டும் என்ற எண்ணம். ஓசூரில் நல்ல வேலை கிடைத்தபோதுகூடப் போகவில்லை. அப்பாவிடம் அதைப் பற்றிச் சொல்லவும் இல்லை.

இப்போதும் சொல்லவில்லை. “அப்பா காதுல விழவேண்டாம், குமரேசன். கட்டடத்த இடிக்கப்போறாங்கன்னு தெரிஞ்சா தாங்கமாட்டாரு.”

“நான் எங்க மேடம் சொல்றது. எனக்கே வீட்ல சொல்ல வாய் வர்ல.” அவர் மகள் கவிநிலாவுக்குச் சென்னையில் பொறியியல் சீட் கிடைத்திருந்தது. சேர்வதா வேண்டாமா என்று கல்லூரிக்கு இன்னும் பதில் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரம் கழித்துப் புது முதலாளி வந்தார். அறிவுமதி என்ற பெண். நாற்பது வயதுக்குள் இருக்கும். ஆபீஸுக்குள் போகாமல் நேராக ஷெட்டுக்குள் நுழைந்து ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் நின்று பார்த்துவிட்டு, எல்லோரையும் கேன்டீனுக்கு வரச் சொன்னார். ஸ்ரீபெரும்புதூரில் எலக்ட்ரிக் ஆட்டோ, ஸ்கூட்டருக்கு மோட்டார் செய்யும் கம்பெனி தன்னுடையது என்றதும் கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது.

செக்கிங் பிரிவின் அருணாதேவிதான் முதலில் வாய் திறந்தாள். “மேடம், கோச்சிக்காதீங்க. கரன்ட் வண்டியில கியரே கெடையாதுன்றாங்க. அப்பறம் எங்கள வாங்கி இன்னா பண்ணப்போறீங்க?”

அறிவுமதி சிரிக்கவில்லை. “ஓட்டறவங்க மாத்தற கியர்தான் இல்லீங்க. மோட்டார் ரொம்ப வேகமா சுத்தும். சக்கரம் அந்த வேகத்துல சுத்தக்கூடாது. நடுவுல வேகத்தக் கம்மி பண்ண பல்சக்கரம் வேணும். எஞ்சின் சத்தம் இல்லாததால கியர்ல கொஞ்சம் கொறை இருந்தாலும் ஓட்டறவங்க காதுல கேட்டுடும். அந்தளவுக்குத் துல்லியமா வெட்டற எடம் தேடித்தான் இங்க வந்தேன்.”

“அப்ப அந்த நெலம்?” என்றார் குமரேசன். “ட்ரோன்லாம் விட்டு அளந்தீங்களே?”

“புது ஷெட் போட. கியர பழுக்கக் காய்ச்சற உலை இப்ப இருக்கறது பத்தாது.”

“யாரையும் வெளிய அனுப்பமாட்டீங்களா?”

“மாட்டேன். புதுசா கத்துக்கவேண்டியது இருக்கும். அதுக்குத் தயாரா இருந்தா போதும்.”

“எழுதிக் குடுப்பீங்களா?” என்றாள் அருணாதேவி.

“இன்னிக்கே.”

யாரும் கை தட்டவில்லை. அருணாதேவி அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்து, “யப்பா!” என்றாள். அதைக் கேட்டு யாரோ சிரிக்க, கேன்டீன் முழுக்கச் சிரிப்பு பரவியது. மதியம் சங்கத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. சாப்பாட்டில் ரசம் தீர்ந்துபோய் மறுபடி வைக்கவேண்டியிருந்தது. பல நாளாகப் பாதியில் எழுந்து போனவர்களெல்லாம் அன்று இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டார்கள். குமரேசன் வெளியே வேப்பமரத்தடியில் நின்று போனில் கத்திக்கொண்டிருந்தார். “கவி, காலேஜுக்குப் போன் போட்டு வர்றேன்னு சொல்லிடு! ஆமா, சேர்றோம்னு சொல்லு! அழுவாதம்மா, எதுக்கு அழுவற?” அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

சாயங்காலம் அறிவுமதி ஹானியைத் தனியாகக் கூப்பிட்டார். “பிளான்ட் முழுக்க நீங்க பாத்துக்கணும். இங்க எல்லாரும் உங்க பேரத்தான் சொல்றாங்க. ஆரம்பிச்சவரே உங்க அப்பாவாமே.”

ஹானி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “சரிங்க மேடம்,” என்றாள்.

வீட்டுக்குப் போகும்போது ஸ்கூட்டரைக் கொஞ்சம் வேகமாகத்தான் ஓட்டினாள். அவளும் கணவர் அப்ரோஸும் மாடியில், பெற்றோர் கீழே. அப்பா கூடத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் உருதும் தமிழும் கலந்துதான் பேச்சு; அம்மா அங்கே ‘அம்மி’, மகள் ‘பேட்டி’.

“அப்பா, கம்பெனி கை மாறிடிச்சி.”

“தெரியும். பள்ளிவாசல்ல ஒரு மாசமா அதான் பேச்சு.”

“தெரிஞ்சும் என்னை ஒண்ணும் கேக்கலியே?”

“நீ சொல்லல. சொல்ல இஷ்டமில்லபோலன்னு விட்டுட்டேன்.”

நடந்ததையெல்லாம் அவள் சொன்னாள். கடைசியில், “என்னத்தான் மேனேஜரா இருக்கச் சொல்றாங்க. நீங்க உக்காந்துருந்த அதே ரூம்,” என்று நிறுத்தி, அவர் கண் கலங்குவதற்காகக் காத்திருந்தாள். அவர் உள்ளங்கையிலிருந்த கடலைத் தோலை ஊதினார்.

“சரின்னுட்டியா?”

“உடனே சொல்லிட்டேன். உங்களுக்காகத்தானே!”

“எனக்கா?” அவர் நிமிர்ந்தார். “எனக்கு எதுக்கு அது?”

“நீங்க வித்ததுலேர்ந்து அந்தக் கேட்டுக்குள்ளயே வந்ததில்ல. பஸ்ல போனாகூட அந்தப் பக்கம் பாக்கமாட்டீங்க. மனசு ஆறலன்னுதானே...”

அடுக்களையிலிருந்து அம்மி, அஜ்மத் பேகம், வாய்விட்டுச் சிரிக்கும் சத்தம் கேட்டது.

அப்பா தர்மசங்கடமாகத் தாடியைச் சொறிந்தார். “பயம், பேட்டி. உள்ள போனா, ‘பாய், நீங்களே வந்து பாத்துக்கோங்க’ன்னு எவனாவது சொல்லிடுவானோன்னு பயம்.”

ஹானிக்குப் புரியவில்லை. அவர் தட்டை நகர்த்தி வைத்தார்.

“எனக்குப் பல் வெட்டத் தெரியும். அது புடிக்கும். அத வெச்சி ஒரு கொட்டகை போட்டேன். அது வளந்துடிச்சி, நான் வளரல. அறுபது பேரு வேலைக்கு வந்துட்டாங்க. ஆர்டர் கம்மியாச்சின்னா அத்தினி பேரு வீட்டு அடுப்பும் என் தலைமேல எரியற மாதிரி இருக்கும். காலையில பல் வெளக்கும்போதே வாந்தி வரும். உன் அம்மியக் கேளு.”

அம்மி டீயோடு வந்தாள். “பிரகாஷ் சாருக்குக் கையெழுத்து போட்டுட்டு வந்து மத்தியானம் படுத்தாரு, சாயங்காலம் மக்ரிப் தொழுகை வரைக்கும் அசையல. மூச்சு வருதான்னு மூக்குல கை வெச்சிப் பாத்தேன். எழுந்ததும் பிரியாணி கேட்டாரு!”

ஹானிக்கு முதலில் கோபம்தான் வந்தது. “நான் ஓசூர் வேலைய விட்டேனே! உங்களுக்காக விட்டேன்!”

“ஓசூரா? அது எப்ப?” அப்பா நிஜமாகவே திகைத்தார். “உனக்கு இந்த வேலை ரொம்ப புடிச்சிருக்குன்னுதான் நான் நெனச்சேன். அதனாலதான் அதப்பத்திக் கெட்டதா ஒரு வார்த்தை பேசல.”

“புடிச்சிருக்குதான்,” என்றாள் வெடுக்கென்று. சொன்ன பிறகுதான் அது உண்மை என்று அவளுக்கே தெரிந்தது. பெட்டிகள் ஏறி, கயிறு இழுத்துக் கட்டி, லாரி ரோட்டில் திரும்பிப் போவதைப் பார்ப்பது பிடிக்கும். அந்த ரூமை நினைத்தால் ஒன்றும் தோன்றவில்லை. தோளில் யாரோ ஏற்றிவைத்ததாக நினைத்துச் சுமந்துகொண்டிருந்ததை யாருமே ஏற்றிவைக்கவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. மூன்று பேரும் சேர்ந்து சிரித்ததில் டீ ஆறிப்போயிற்று.

மறுநாள் அறிவுமதியிடம் போனாள். “மேடம், நேத்து அவசரப்பட்டுச் சரின்னுட்டேன். பிளான்ட் வேணாங்க. டெஸ்பாட்ச்சே நல்லா இருக்கு.”

அறிவுமதி நிமிர்ந்து பார்த்தார். “பெரிய வேலைய வேணாம்னு சொல்றவங்கள இப்பதான் பாக்கறேன். சரி, சென்னையில மாறன்னு ஒருத்தர் இருக்காரு, அவர அனுப்பறேன். உங்களுக்கு ஏதாச்சும் வேணுமா?”

“ரெண்டு வேணும். லாரி நிக்கற எடத்துக்கு மேல கூரை. மழையில பெட்டியெல்லாம் நனையுது. அப்பறம் எனக்கு சனிக்கெழம லீவு.”

இரண்டும் கிடைத்தன. கூரை மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்தது.

முதல் சனிக்கிழமை அப்ரோஸ் தன் செல்போன் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, காரில் எல்லோரையும் சாத்தனூர் அணைக்குக் கூட்டிப்போனார். மதகைத் திறந்துவிட்டிருந்தார்கள். தண்ணீர் இரைச்சலில் பேசுவது சரியாகக் கேட்கவில்லை. கடையில் மீன் சுடச்சுடப் பொரித்துக் கொடுத்தார்கள். அப்பா ஒரு தட்டை முடித்துவிட்டு இன்னொன்று கேட்டார்.

“பிபி ஜாஸ்தியாயிடும்,” என்றாள் அம்மி.

“இன்னொரு துண்டுதான்,” என்றார் அவர். ஹானி தன் தட்டிலிருந்த பெரிய துண்டை எடுத்து, முள் நீக்கி அவர் பக்கம் வைத்தாள்.