துடைத்து வைத்த சென்சார்

அந்தக் காருக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. அரை மணி நேரம் சமர்த்தாக ஓடும். இஞ்சின் நன்றாகச் சூடேறியதும் நடுரோட்டில் பொசுக்கென்று நின்றுவிடும். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்து, கண்ணாடியை இறக்கி நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள். இருபது நிமிஷம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது மாதிரி கிளம்பும். இந்தக் கூத்து இரண்டு மாதமாக நடந்துகொண்டிருந்தது.

மெக்கானிக் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கிராங்க் சென்சார் போயிடுச்சு. இஞ்சின் சுத்துறத வண்டிக்குள்ள இருக்கிற கம்ப்யூட்டருக்குச் சொல்றது அதுதான். சூடானா பேச்சை நிறுத்திடுது. சாமான் சின்னதுதான், இருக்கிற இடந்தான் சரியில்ல." சொன்ன கையோடு கடையைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போய்விட்டார். இனி புதன்கிழமைதான் வருவாராம்.

காருக்குச் சொந்தக்காரரான வாத்தியாருக்கு இது போதாதா? பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவர். புது சென்சாரை வாங்கினார், நாலு வீடியோ பார்த்தார், ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு பழைய லுங்கியை வரிந்து கட்டிக்கொண்டு வாசலில் இறங்கிவிட்டார்.

"நீங்க உலக உருண்டையச் சுத்துங்க. இதுல கை வெக்காதீங்க" என்றாள் அவர் மனைவி.

ஆனாலும் அவளுக்கு வேறு வழியில்லை. இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊரில் அவள் தங்கை வாயும் வயிறுமாகக் காத்திருந்தாள். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து உண்டான பிள்ளை. மறுநாள் காலையில் ஆபரேஷன். "அக்கா, நீ என் கையப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். இல்லேன்னா நான் டேபிள்ல ஏறவே மாட்டேன்" என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் அக்காவோடு படித்தவள் என்பதால் உள்ளே நிற்க அனுமதியும் கிடைத்திருந்தது. நடுவழியில் நிற்கிற காரை நம்பி எப்படிக் கிளம்புவது?

அக்காவும் நர்ஸ்தான். ஆபரேஷன் தியேட்டரில் இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். டாக்டர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டினால் போதும், கேட்ட சாமான் உள்ளங்கையில் விழும். தைத்து மூடுமுன் கத்தரி, ஊசி, பஞ்சு என்று அத்தனையையும் எண்ணிச் சொல்வது அவள் பொறுப்பு. ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட அவள் தவறான சாமானைக் கொடுத்ததில்லை. தெருவே அவளை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். வாத்தியாரும் குஷி வந்துவிட்டால் அப்படித்தான் கூப்பிடுவார்.

"கட்டின பொண்டாட்டிய சிஸ்டர்னு கூப்பிடுற ஒரே ஆம்பளை நீங்கதான் சார்" என்று எதிர்வீட்டு டெய்லரம்மா ஜன்னலில் இருந்தே கிண்டல் செய்வாள்.

ஆக, வேலை தொடங்கியது. சிஸ்டர் ஒரு ஸ்டூலில் வெள்ளைத் துண்டை விரித்தாள். ஸ்பேனர்கள் அளவுவாரியாக வரிசையில் நின்றன. கழற்றுகிற ஒவ்வொரு போல்ட்டையும் அட்டையில் எழுதினாள். வெளியே வந்த ஒவ்வொரு சாமானையும் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, அதனதன் இடத்தில் வைத்தாள். துண்டில் அழுக்குச் சாமான் கிடப்பதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கை அதுபாட்டுக்குத் துடைத்துவிடும்.

முதலில் பேட்டரி வயரைக் கழற்றினார்கள். ஏர் ஃபில்டர் டப்பாவும் தடிமனான ஒரு குழாயும் வெளியே வந்தன. அதற்குப் பிறகுதான் இருக்கிறது சங்கதி. சென்சார் இஞ்சினுக்குப் பின்பக்கம், சுவர் மாதிரி நிற்கும் தகட்டை ஒட்டி ஒளிந்திருந்தது. கையை முழங்கை வரை விட்டால் விரல் நுனி தொடும், கண்ணுக்குத் தெரியாது. சிஸ்டர் தன் முகம் பார்க்கும் கண்ணாடியையும் டார்ச்சையும் பிடித்துக் காட்டினாள். கண்ணாடியில் வலது இடமாகத் தெரிய, வாத்தியார் போல்ட்டைத் திருகத் திருக அது இறுகிக்கொண்டே போனது.

"மேற்கு எது கிழக்கு எதுன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கிற ஆளு!" என்று சிஸ்டர் தலையில் அடித்துக்கொண்டாள்.

"பேசாதே. பத்தாம் நம்பர்!"

அவர் பார்க்காமல் கையை நீட்ட, பத்தாம் நம்பர் ஸ்பேனர் உள்ளங்கையில் விழுந்தது. வாத்தியாருக்குப் பெரிய சர்ஜன் ஆகிவிட்ட நினைப்பு. பதினொன்றரைக்கு போல்ட் ஒருவழியாகக் கழன்றது, கழன்ற வேகத்தில் அடியில் எங்கேயோ விழுந்தும் தொலைந்தது. டெய்லரம்மா ஊசி பொறுக்கும் காந்தத்தை நூலில் கட்டிக் கொண்டுவந்தாள். கால் மணி நேரம் மீன் பிடிப்பதுபோல ஆட்டி ஆட்டி, போல்ட்டைத் தூக்கிவிட்டாள்.

கடைசியில் எண்ணெயும் கரியுமாக வெளியே வந்தது பழைய சென்சார், கட்டைவிரல் பருமன் இருக்கும். வாத்தியார் அதன் கழுத்தில் தலைமுடி போல் ஓடிய ஒரு விரிசலைக் காட்டினார்.

"பாத்தியா? சூடு ஏறினா இது விரியுது. இதுதான் நம்ம திருடன்."

சிஸ்டர் வாங்கித் துடைத்தாள். இதற்குள் புதிய சென்சாரையும் அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தயாராக வைத்திருந்தாள். பிரிக்காத சாமானை டாக்டர் கையில் கொடுக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

அப்போது போன் அடித்தது. தங்கையின் புருஷன்.

"அண்ணி, இவளுக்கு வலி வந்துடுச்சு. நாளைக்கு வரை காத்திருக்க முடியாதாம். இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்கே பண்றாங்களாம். நீங்க வந்துடுவீங்கல்ல? அவ உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா."

"வந்துடுவேன் தம்பி. அழாம இருக்கச் சொல்லுங்க."

பஸ்ஸில் போனால் மூன்று இடத்தில் மாற வேண்டும், போய்ச் சேர ராத்திரி ஆகும். சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தாள். துண்டைச் சரிசெய்தாள், ஸ்பேனர்களை அடுக்கினாள், மறுபடி அடுக்கினாள். மனசு மட்டும் இங்கே இல்லை.

"சென்சார்!" என்று கை நீண்டது. கொடுத்தாள்.

மாட்டுவதும் லேசில் முடியவில்லை. வாத்தியாரின் முன்கை முழுக்கக் கீறல், மணிக்கட்டு வீங்கிவிட்டது. எல்லாவற்றையும் பழையபடி பூட்டி, பேட்டரி வயரை மாட்டிச் சாவியைத் திருகும்போது மணி இரண்டே முக்கால். ஒரே திருகலில் இஞ்சின் உயிர் பெற்றது! டெய்லரம்மா ஜன்னலில் கைதட்டினாள். வாத்தியார் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் ஒரு சுற்று ஆடினார்.

"எப்படி? நாலு வீடியோ! நாலே நாலு வீடியோ!"

சிஸ்டர் சிரித்துக்கொண்டே அட்டையைப் பார்த்துச் சாமான்களை எண்ணினாள். எல்லாம் சரியாக இருந்தது. மிச்சம் பழைய சென்சார் ஒன்றுதான். தங்கையிடம் காட்டிக் கதை சொல்லலாமே என்று அந்த விரிசலைப் பார்ப்பதற்காகக் கையில் எடுத்தாள்.

விரிசலைக் காணோம்.

திருப்பிப் பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அடியில் இருந்த ரப்பர் வளையம் புதுசாக, மெத்தென்று இருந்தது. தான் துடைத்துப் பளபளக்க வைத்த திருடன்தான் திரும்பவும் உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறான்! ஆறின வண்டி, பழையதிலும் கிளம்பத்தானே செய்யும். அரை மணி நேரத்தில் ஹைவேயில் நிற்கும்.

வாத்தியார் இன்னும் ஆடிக்கொண்டிருந்தார். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்குச் சொல்ல நாக்கு எழவில்லை. இருபத்திரண்டு வருஷமாகக் காப்பாற்றிய பேரை வீட்டு வாசலில் தொலைத்தோமே என்று அவமானமாக இருந்தது. ஆனால் தியேட்டரில் ஒரு பஞ்சு குறைந்தால் யார் முகத்தையும் பார்க்க முடியுமா? சொல்லித்தான் ஆக வேண்டும்.

"என்னங்க, வண்டிய நிறுத்துங்க."

"ஏன்? சும்மா தேன் மாதிரி ஓடுதே!"

"நான் பழசையே எடுத்துக் குடுத்துட்டேன்."

வாத்தியார் ஆடிய கால் அப்படியே நின்றது. அவள் கையிலிருந்த சென்சாரைப் பார்த்தார், வீங்கிய மணிக்கட்டைப் பார்த்தார். அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. திட்டினால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

"அடிப்பாவி!" என்றார். அப்புறம் சிரிப்பு பீறிட்டு, பம்பரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "துடைச்சு வெச்சே பாரு ஒரு துடை! திருடனைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, மாப்பிள்ளையாக்கி அனுப்பிட்டியே!"

"சிரிக்காதீங்க. மணி என்ன தெரியுமா? கண்டிப்பா மூணே முக்காலுக்குக் கிளம்பணும்."

"என் கை உள்ள போகாது. நீ இறங்கு. சாமான நான் எடுத்துக் குடுக்கிறேன்."

சிஸ்டர் ஒரு வினாடி தயங்கினாள். பிறகு புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஐந்து நிமிஷம்தான் ஓடியிருந்ததால் இஞ்சின் இளஞ்சூடாகவே இருந்தது. பேட்டரி வயர், டப்பா, குழாய் எல்லாம் மளமளவென்று வந்தன. எந்த போல்ட் எங்கே என்று அட்டை சொன்னது. கண்ணாடியே வேண்டாமென்றுவிட்டாள். கண்ணுக்கு எட்டாத இடத்தில் விரலால் தடவி வேலை செய்கிறவர்களை இருபத்திரண்டு வருஷமாகப் பக்கத்தில் நின்று பார்த்தவள் அல்லவா? போல்ட் கழன்று விரலிடுக்கிலேயே வந்தது. விரிசல் விழுந்தவனை எடுத்து, துடைக்காமல், வேண்டுமென்றே தூர எறிந்தாள்.

"சென்சார்!" என்று கையை நீட்டினாள்.

உள்ளங்கையில் ஒன்றும் விழவில்லை. வாத்தியார் புதுசை அவள் கண்ணெதிரே பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"விரிசல் இல்ல. வளையம் புதுசு. சரிதானே சிஸ்டர்?"

"சரி. குடுங்க சீக்கிரம்."

ஆறே முக்கால் மணி நேரம் இழுத்த வேலை நாற்பது நிமிஷத்தில் முடிந்தது. மூணே முக்காலுக்கு வண்டி தெருமுனை தாண்டியது. அரை மணி நேரம் ஆனதும் இரண்டு பேரும் இஞ்சின் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டார்கள். ஒரு மணி நேரமானது. வண்டி நிற்கவில்லை. ஒரு மேட்டில் ஏறி இறங்கிய பிறகு வாத்தியார் மெதுவாகப் பாட ஆரம்பித்தார். சுருதி சுத்தமாக இல்லை. அவளும் அன்றைக்குத் தாளம் போட்டாள்.

ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவள் தியேட்டர் வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தாள். பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் நகக்கண்ணில் கரிக்கோடு போகவில்லை. "சும்மா நிக்கப் போறே, கையுறை போட்டுக்கோ" என்றாள் தலைமை நர்ஸாக இருந்த தோழி.

தங்கை அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மூக்கைச் சுளித்தாள்.

"என்னக்கா, உன் மேல மண்ணெண்ணெய் நாத்தம்?"

"வர்ற வழியில ஒரு ஆபரேஷன் பண்ணிட்டு வந்தேன். ரெண்டு தடவை."

தங்கை பயத்தை மறந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வேலை தொடங்கிவிட்டது, இருபது நிமிஷத்தில் குழந்தை வீறிட்டு அழுதது. பெண் குழந்தை. துடைத்துச் சுற்றிப் பெரியம்மா கையில் கொடுத்தார்கள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இருந்தும் பழக்கம் விடுமா? குழந்தையின் மணிக்கட்டில் கட்டியிருந்த சீட்டைத் திருப்பி, தங்கையின் பெயர்தானா என்று இரண்டு தடவை படித்துப் பார்த்த பிறகுதான் தங்கையின் கன்னத்தோடு சேர்த்து வைத்தாள்.